டோக்கன் தொங்கும் வரை

மூச்சு வாங்குகிறது பாருங்கள், முதலில் உட்காருங்கள். அந்த நாற்காலி வேண்டாம், அதற்கு ஒரு கால் ஆட்டம். இதில் உட்காருங்கள். வாட்ச்மேன் போனில் சொன்னான். அந்தியூரிலிருந்து நல்லமுத்து என்று ஒரு டெய்லர் வருகிறார், மாப்பிள்ளைக்குத் தாய்மாமன் என்று. மாப்பிள்ளை! அவன் வாயில் எவ்வளவு சுலபமாக வருகிறது அந்த வார்த்தை. நான் இன்னும் சொல்லிப் பார்க்கவில்லை. எனக்கு அவன் ஜெகதீசன்தான். வெல்டர் ஜெகதீசன்.

பஸ் வந்து நின்றதைப் பார்த்தேன். இந்த வராந்தாவிலிருந்து கேட் நன்றாகத் தெரியும். பவித்ரா அதற்குள்தான் உட்கார்ந்திருக்கிறாள் என்கிறீர்கள். எந்தப் பக்கம்? கண்ணாடியெல்லாம் ஏற்றிவிட்டிருக்கிறார்கள், தெரியவில்லை. ஏழாம் மாசம். புதன்கிழமை வளைகாப்பு. நான் கீழே இறங்கிப்போய், கேட்டில் கையெழுத்துப் போட்டு, என் மகளை உள்ளே அழைத்து வர வேண்டும். இல்லையென்றால் அதே பஸ்ஸில் திரும்பிப் போய்விடுவாள். அதுதானே சொல்ல வந்தீர்கள்? காதில் விழுந்தது. எனக்குக் காது கொஞ்சம் மந்தம்தான், மெஷின் பக்கத்தில் நின்று நின்று. ஆனால் இது விழுந்தது.

நேரம் இருக்கிறது. டிரைவர் இப்போதுதான் ஹம்சா கடைக்குள் நுழைந்திருக்கிறார். டீ குடிப்பார், வடை தின்பார், ஹம்சாவோடு அரசியல் பேசுவார். ரொம்பவும் பேசமாட்டார், இருட்டுவதற்குள் கீழே ஃபாரஸ்ட் செக்போஸ்ட்டைத் தாண்ட வேண்டும், யானை நடமாட்டம். அதுவரைக்கும் நேரம் இருக்கிறது. நீங்கள் ஒரு பக்கத்துக் கதையைக் கேட்டுவிட்டு வந்திருக்கிறீர்கள். என் பக்கத்தையும் கேளுங்கள். கேட்டுவிட்டு நீங்களே சொல்லுங்கள், எங்கே தப்பு என்று. நான் மூன்று வருஷமாக யோசிக்கிறேன். எங்கே விட்டேன் என்று எனக்குப் பிடிபடவில்லை.

நீங்கள் பவர்ஹவுஸ் பார்த்ததில்லை அல்லவா? வரும்போது அணையைப் பார்த்திருப்பீர்கள். எல்லாரும் அணையைத்தான் பார்ப்பார்கள். அது சும்மா தண்ணீரைப் பிடித்துவைக்கிற சுவர். வேலை நடப்பதெல்லாம் கீழே, இந்த மலைக்கு அந்தப் பக்கம். அணையிலிருந்து தண்ணீர் ஒரு பெரிய இரும்புக் குழாய் வழியாகச் செங்குத்தாக இறங்கும். அந்தக் குழாய்க்குள் ஒரு லாரி போகலாம். இறங்குகிற வேகத்தில் போய்ச் சக்கரத்தை அடிக்கும், சக்கரம் சுற்றும், அதோடு சேர்ந்த ஜெனரேட்டர் சுற்றும், கரண்ட். உங்கள் தையல் மெஷினுக்கு மிதி எப்படியோ, எங்களுக்குத் தண்ணீர் அப்படி. சாயங்காலம் ஊரெல்லாம் ஒரே நேரத்தில் சுவிட்சைப் போடுவார்கள் பாருங்கள், அப்போது சென்னை ஆபீஸிலிருந்து போன் வரும், மெஷினை எடு என்று. நிலக்கரி மெஷினைச் சூடாக்கி எடுக்க நாள் முழுக்க ஆகும். எங்கள் மெஷின் நீங்கள் ஒரு பீடி பற்றவைப்பதற்குள் சுற்ற ஆரம்பித்துவிடும். அதனால்தான் எங்களுக்கு மதிப்பு. அதனால்தான் ஆபத்தும்.

ஏனென்றால் வருஷத்தில் ஒரு தடவை, மழைக்கு முன்னால், மெஷினை நிறுத்திப் பழுது பார்ப்போம். மேலே வால்வை மூடிவிட்டு, தண்ணீரை வடித்துவிட்டு, ஆட்கள் உள்ளே போவார்கள். சக்கரத்தைச் சுற்றி நத்தை ஓடு மாதிரி ஓர் இரும்புக் கூடு. அதில் ஒரு ஆள் நுழைகிற அளவுக்கு ஒரு துளை. உள்ளே போனால் இருட்டு, வழுக்கல், வெல்டிங் புகை. தண்ணீர் அரித்த இடத்தை அங்கே உட்கார்ந்து அடைக்க வேண்டும். அந்த நேரத்தில் யாராவது வால்வைத் திறந்தால்? நினைத்துப் பாருங்கள். நான் நினைப்பேன். நான் ஃபோர்மேனாக வந்த நாளிலிருந்து அதை மட்டும்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

டோக்கன் வழக்கம் நான் கொண்டுவந்தது. வேறு எந்தப் பவர்ஹவுஸிலும் அப்போது கிடையாது. பித்தளை வில்லை, அதில் ஆளின் பெயர் வெட்டியிருக்கும். துளைக்குப் பக்கத்தில் ஒரு பலகை, ஆணிகள். உள்ளே போகிறவன் தன் டோக்கனைத் தன் கையால் மாட்டிவிட்டுப் போக வேண்டும். வெளியே வந்ததும் தன் கையால் எடுக்க வேண்டும். இன்னொருத்தன் எடுக்கக் கூடாது. சூப்பர்வைசர் எடுக்கக் கூடாது. கடவுளே வந்தாலும் எடுக்கக் கூடாது. பலகையில் ஒரு டோக்கன் தொங்குகிறது என்றால் உள்ளே ஒரு ஆள் இருக்கிறான். அவ்வளவுதான் விதி. பலகை காலியாகும் வரை மெஷின் ஓடாது, நான் அந்த இடத்தை விட்டு நகரமாட்டேன்.

சிரித்தார்கள். ஏ.டி.இ. சார், என் மேலதிகாரி, சின்ன வயசுக்காரர், "என்ன சிங்காரவேலு, கோயில்ல செருப்புக்கு டோக்கன் குடுக்கற மாதிரி இருக்கே" என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை. செருப்பு தொலைந்தால் வேறு வாங்கலாம் என்று சொல்லியிருக்கலாம். அப்போது தோன்றவில்லை. எனக்கு எப்போதும் ராத்திரி படுத்த பிறகுதான் பதில் தோன்றும்.

உங்கள் ஜெகதீசன் அந்த வருஷம் கான்ட்ராக்ட்டில் வந்தான். நல்ல வேலைக்காரன், அதை மறைக்க மாட்டேன். மற்ற பையன்கள் டோக்கனை மாட்ட மறப்பார்கள், எடுக்க மறப்பார்கள், நான் கத்துவேன். இவன் முதல் நாளிலிருந்து ஒரு தடவைகூடத் தவறியதில்லை. மாட்டும்போது விரலால் ஒரு தட்டுத் தட்டிப் பார்ப்பான், ஆடாமல் நிற்கிறதா என்று. எனக்கு அது ரொம்பப் பிடித்துப்போனது. வீட்டில் வந்து சொன்னேன். "அந்தியூர்ப் பையன் ஒருத்தன் வந்திருக்கான் பவி, இவன் ஒருத்தன்தான் ஒழுங்கு தெரிஞ்சவன்." நான்தான் சொன்னேன். என் வாயால்.

கேன்டீன் சாப்பாடு அவனுக்கு ஒத்துக்கொள்ளவில்லை, வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றான். நான்தான் வீட்டுக்கு வா என்றேன். ரசம் வைக்கச் சொன்னேன். என் மனைவி செத்துப்போய் நாலு வருஷம் ஆகியிருந்தது, பவித்ராதான் சமையல். தினமும் சாப்பிட வந்தான். நான் தட்டில் ரசத்தால் கோடு போட்டு மெஷினை விளக்குவேன். இது குழாய், இது வால்வு, இது துளை, இங்கே பலகை. டோக்கன் விதியை எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். அவன் சாப்பாட்டை விட்டுவிட்டுக் கேட்பான். அவள் கரண்டியை வைத்துவிட்டுக் கேட்பாள். இரண்டு பேரும் அவ்வளவு கவனமாகக் கேட்டார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது, ஐயா. யார் கேட்கிறார்கள் இதையெல்லாம்?

டிரைவர் வெளியே வந்துவிட்டார். இல்லை, பீடி பிடிக்க வந்திருக்கிறார். கண்டக்டர் இன்னும் உள்ளேதான். நேரம் இருக்கிறது.

பவித்ராவுக்கு இங்கே என்ன குறை, சொல்லுங்கள். உங்களிடம் ஏதாவது சொல்லியிருப்பாள். இந்த மின்வாரியக் கேம்புக்குள் எங்கே வேண்டுமானாலும் போகலாம், வரலாம். நான் தடுத்ததே இல்லை. போகும்போது எங்கே போகிறேன் என்று சொல்ல வேண்டும், வந்ததும் வந்துவிட்டேன் என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான். நான் ஷிஃப்ட்டில் இருந்தால் கன்ட்ரோல் ரூமுக்குப் போன் பண்ணிச் சொல்வாள். அந்த நம்பர் அவளுக்குச் சின்ன வயசிலிருந்தே மனப்பாடம். செல்போன் இருந்தது, வாங்கிக் கொடுத்திருந்தேன். சிக்னல்தான் கிடையாது, அணை மேல் போனால்தான் கிடைக்கும். ஞாயிற்றுக்கிழமை நானே அழைத்துப் போவேன். அவள் பாலிடெக்னிக் தோழிகளோடு பேசுவாள், நான் பக்கத்தில் நிற்பேன். அணை மேல் காற்று அப்படி அடிக்கும், பிடித்துத் தள்ளிவிடும். தனியாக எப்படி விடுவது?

கோயம்புத்தூரில் ஒரு பம்ப் கம்பெனியில் வேலை வந்தது. ஆமாம், அது உண்மை. எலெக்ட்ரிக்கல் டிப்ளமோ, நல்ல மார்க். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றேன். அதற்கடுத்த வருஷமும் பார்க்கலாம் என்றேன். ஹாஸ்டல், முன்பின் தெரியாத ஊர், மழைக்காலத்தில் இந்த ரோடு அடிக்கடி சரிந்துவிடும். அவளும் சரிப்பா என்றாள். ஒரு தடவை முகம் சுளித்திருந்தால் எனக்குத் தெரிந்திருக்கும். சுளிக்கவில்லை. சரிப்பா, சரிப்பா. அவள் எதையும் இரண்டாம் தடவை கேட்டதில்லை, ஐயா. அப்படி ஒரு நல்ல பெண்.

அந்த நாளைச் சொல்கிறேன். பழுது வேலையின் கடைசி நாள். விடிய விடிய வெல்டிங் நடந்தது, காலையில் முடிந்தது. எல்லாரும் வெளியே வந்தார்கள், டோக்கனை எடுத்தார்கள், கம்பி கட்டி இழுக்கிற விஞ்ச் வண்டியில் ஏறி மேலே போனார்கள். நான் துளையை மூடச் சொல்வதற்கு முன்னால் பலகையைப் பார்த்தேன். ஒரு டோக்கன். ஜெகதீசன்.

மற்றவனாக இருந்தால் சந்தேகப்பட்டிருப்பேன். மறந்துவிட்டுப் போயிருப்பான் கழுதை என்று திட்டிவிட்டு ஆள் அனுப்பியிருப்பேன். இவன் மறக்கிறவன் இல்லையே. இவன் டோக்கன் தொங்கினால் இவன் உள்ளே இருக்கிறான். துளையில் தலையை விட்டுக் கூப்பிட்டேன். ஜெகா, ஜெகா. இரும்புக்குள் என் குரல்தான் சுற்றிச் சுற்றி வந்தது. நானே உள்ளே போனேன், என் டோக்கனை மாட்டிவிட்டுத்தான் போனேன். தவழ்ந்து போய்ச் சக்கரத்தின் ஒவ்வொரு இதழுக்கும் நடுவில் டார்ச் அடித்தேன். இல்லை. சக்கரத்துக்குக் கீழே இன்னொரு குழாய் உண்டு, தண்ணீர் வெளியேறுகிற வழி, அதன் அடியில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் தேங்கி நிற்கும். வழுக்கி அதில் விழுந்துவிட்டானோ என்று தோன்றியது. பம்ப் வைத்து இறைக்கச் சொன்னேன். மணிக்கணக்கில் இறைத்தோம். நான் துளை வாசலில் உட்கார்ந்து அழுதேன், ஐயா. அவன் அம்மாவுக்கு என்ன பதில் சொல்வேன் என்று அழுதேன். உங்கள் அக்காவுக்குத்தான். முகம் தெரியாத அந்த அம்மாவுக்காக அழுதேன்.

நடுவில் சென்னையிலிருந்து போன் மேல் போன். மே மாசம், வெயில், ஊரெல்லாம் ஏசி ஓடுகிறது, சாயங்காலம் இந்த மெஷினும் வேண்டும், இல்லாவிட்டால் பல ஊரை இருட்டாக்க வேண்டியிருக்கும். ஏ.டி.இ. சார் கீழேயே வந்துவிட்டார். "யோவ், அவன் மேல போய் எங்கயோ படுத்துத் தூங்கறான்யா. மூடுய்யா, ஓட்டுய்யா." மேலே போனவர்களைக் கேட்டால், தூக்கக் கலக்கத்தில் அவன் வந்தானா என்று யாருக்கும் நினைவில்லை. அவன் ரூமில் ஆள் அனுப்பிப் பார்த்தோமே சார், இல்லையே சார் என்றேன். "அப்ப ஊருக்குப் போயிருப்பான்." டோக்கன் தொங்குது சார் என்றேன். "டோக்கன் டோக்கன்னு உயிரை வாங்காத." உயிரை வாங்காமல் இருக்கத்தான் சார் டோக்கன் என்றேன். அன்றைக்கு ஒரு நாள்தான் எனக்குப் பதில் அந்த இடத்திலேயே தோன்றியது. வால்வு அறைச் சாவியை எடுத்து மடியில் கட்டிக்கொண்டு துளைக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டேன். லைன் கிளியர் என் பெயரில் இருந்தது. லைன் கிளியர் என்றால், இந்த மெஷினில் என் ஆட்கள் இருக்கிறார்கள், நான் திருப்பித் தரும்வரை தொடாதே என்று அர்த்தம். வாங்கினவன்தான் திருப்பித் தர வேண்டும். நான் தரவில்லை.

காலையில் முதல் பஸ் போனது எனக்கு எப்படித் தெரியும்? மலைக்கு அந்தப் பக்கம், இரும்புக்கு உள்ளே, அவன் பெயரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

பம்ப் இறைத்துக்கொண்டிருக்கும்போது கன்ட்ரோல் ரூமில் எனக்குப் போன் என்றார்கள். யாரும் பலகையைத் தொடக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போய் எடுத்தேன். பவித்ரா. பின்னால் பஸ் ஸ்டாண்ட் இரைச்சல். "அப்பா, உள்ள யாரும் இல்லப்பா. நீங்க வெளிய வாங்க. மெஷினை ஓட்டுங்க" என்றாள். உனக்கு எப்படித் தெரியும் என்றேன். "அவர் என்கூடதான் இருக்காருப்பா" என்றாள்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அப்ப அவனை வந்து டோக்கனை எடுக்கச் சொல்லு" என்றேன்.

ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்? வேறு என்ன சொல்வது? விதி அதுதானே. அவன் கையால் மாட்டியது, அவன் கையால் எடுக்க வேண்டும். அவள் போனை வைத்துவிட்டாள். அதற்கப்புறம் இந்த மூன்று வருஷமாக அவள் குரலை நான் கேட்கவில்லை. அவள் கூப்பிடவில்லை. நானும் அணை மேல் போவதை விட்டுவிட்டேன்.

நான் திரும்பிக் கீழே வருவதற்குள் ஏ.டி.இ. சார் அந்த டோக்கனைத் தன் கையால் எடுத்துப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு நின்றார். எல்லாரும் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். துளையை மூடினார்கள், சாவியை என் மடியிலிருந்து அவிழ்த்தார்கள், வால்வைத் திறந்தார்கள். மெஷின் ஓடியது. அன்று சாயங்காலம் நீங்கள் அந்தியூரில் விளக்கைப் போட்டுத் தைத்திருப்பீர்கள். எனக்கு மெமோ வந்தது, உச்ச நேரத்தில் உற்பத்தியைத் தடுத்ததாக. மெஷினிலிருந்து எடுத்து ஸ்டோருக்கு மாற்றினார்கள். இப்போது நட்டும் போல்ட்டும் எடுத்துக் கொடுக்கிறேன். ஒரு உயிருக்காக உட்கார்ந்தவனுக்கு ஸ்டோர். ஏமாற்றினவனுக்குக் கல்யாணம்.

இதுதான் என் பக்கம். இப்போது சொல்லுங்கள், நான் எங்கே விட்டேன்? நான் நிறைய யோசித்துவிட்டேன். பலகைக்குப் பக்கத்தில் ஒரு ஆளை நிறுத்தியிருக்க வேண்டும். டோக்கனில் போட்டோ ஒட்டியிருக்க வேண்டும். போட்டோ வேண்டும் என்று ஆபீஸுக்கு எழுதிக் கொடுத்தேன், இப்போது ஒட்டுகிறார்கள். வெளியே வருகிறவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு எடுக்கவைத்திருக்க வேண்டும். இவ்வளவு ஓட்டையை வைத்துக்கொண்டு நான் ஒழுங்கு என்று பேசியிருக்கிறேன். என் மேலும் தப்பு இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அந்தப் பையன், என் சோற்றைத் தின்றுகொண்டே, என் தட்டைப் பார்த்துக்கொண்டே, என்னை எங்கே கட்டிப்போடலாம் என்று திட்டம் போட்டிருக்கிறான் பாருங்கள். அதைத்தான் என்னால்...

என்ன?

மறுபடி சொல்லுங்கள். இந்தக் காது சரியில்லை, இந்தப் பக்கம் சொல்லுங்கள்.

"அவனுக்கேதுங்க அத்தனை மூளை? புள்ளதானுங்க சொல்லிக் குடுத்துச்சு" என்கிறீர்கள். பவித்ராவா?

இல்லை, ஐயா. அவளுக்கு அப்படியெல்லாம்... அவனைக் காப்பாற்றுவதற்காக அப்படிச் சொல்கிறாள்.

அவன் பயந்தானா? "ஆள் இல்லைன்னு தெரிஞ்சா அடுத்த ஜீப்புல வந்துருவாரு" என்றானா. சரி. அதற்கு அவள்? அவள் சொன்னதை அப்படியே சொல்லுங்கள், நீங்களாகச் சேர்க்காதீர்கள்.

"டோக்கன் தொங்கற வரைக்கும் அப்பா நகரமாட்டாங்க. உள்ள ஒரு ஆள் இருக்கான்னு நினைச்சா யார் சொன்னாலும் விட்டுட்டு வரமாட்டாங்க. எனக்கு எங்கப்பாவைத் தெரியும்."

இதைச் சொன்னாளா.

இந்த வார்த்தையைத்தானா?

வழியெல்லாம் அழுதாளா. எங்கே, பஸ்ஸிலா? இறங்கின உடனே போன் பண்ணியே ஆக வேண்டும் என்று நின்றாளா. அவன் வேண்டாம் என்று சொன்னான், இன்னும் கொஞ்சம் தூரம் போய்விடலாம் என்றான்... அவள் கேட்கவில்லை. "அப்பா அந்தக் குழாய்க்குள்ள இறங்கித் தேடிட்டு இருப்பாங்க, வழுக்கும்" என்று...

தண்ணீர் குடியுங்கள். எனக்கும் கொஞ்சம் அந்தச் செம்பைத் தள்ளுங்கள்.

அவன் ஏன் இன்று வரவில்லை? அவள்தான் வேண்டாம் என்றாளா? "அவர் வந்தா அப்பா அவரைத்தான் பார்ப்பாங்க, என்னைப் பார்க்கமாட்டாங்க." ம். அப்படியும் சொல்வாளா அவள். இங்கே இருந்தவரைக்கும் சரிப்பா என்பதைத் தவிர நான் ஒன்றும் கேட்டதில்லை. உங்கள் வீட்டில் நிறையப் பேசுகிறாளோ?

ஹாரன். முதல் ஹாரன் இது, கடையில் இருக்கிறவர்களுக்கு. இரண்டாவது அடித்தால்தான் கிளம்புவார்.

நான் எப்படி ஐயா வருவது? நீங்கள் எழுந்து நிற்காதீர்கள், நீங்கள் நின்றால் எனக்குப் படபடக்கிறது. இந்தப் படியெல்லாம் இறங்கி, கேம்பே பார்க்க, பஸ் ஏறி, ஜனங்களுக்கு நடுவில் நின்று, என்னவென்று ஆரம்பிப்பது? வா என்றா? வா என்று சொன்னால் நான் அழைத்ததாக ஆகிவிடும். பேசாமல் நின்றால் முறைத்ததாக ஆகிவிடும். கேட்டில் வேறு ஒரு சங்கடம் இருக்கிறது. குவார்ட்டர்ஸில் யார் யார் இருக்கிறார்கள் என்று வருஷா வருஷம் பெயர் கேட்பார்கள், கேட்டில் வைப்பதற்கு. அவள் பெயரை நான்தான் அடித்தேன். இல்லாத ஆளை இருக்கிறாள் என்று எப்படிச் சொல்வது என்று அடித்தேன். வாட்ச்மேன் முன்னால் நின்று, அவனுக்கு அவளைக் கைக்குழந்தையிலிருந்து தெரியும், அவன் முன்னால் நின்று விருந்தாளி என்று என் மகளுக்குக் கையெழுத்துப் போட வேண்டும். உறவு என்ன என்று ஒரு கட்டம் இருக்கும் அதில்.

இரண்டாவது அடித்துவிட்டார்.

நீங்கள் போங்கள். ஓடினால் பிடித்துவிடலாம். அவளை ஜன்னல் ஓரத்தில் உட்காரவைக்காதீர்கள், செக்போஸ்ட் வளைவில் குளிர்காற்று நேராக அடிக்கும். டிரைவரிடம் மெதுவாகப் போகச் சொல்லுங்கள். தலைக்கு ஏதாவது கட்டியிருக்கிறாளா? போங்கள், ஐயா. ஏன் நிற்கிறீர்கள்? கண்டக்டர் ஏறிவிட்டார், பாருங்கள். கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். கிளம்பப் போகிறது. ஐயா, உங்களைத்தான், பஸ் போய்விட்டால் காலையில்தான் அடுத்தது, அவள் தனியாக அவ்வளவு தூரம்...

நகர்ந்துவிட்டது.

ஏன் ஓடாமல் நின்றீர்கள்? பொறுப்பில்லாமல், ஒரு பிள்ளைத்தாய்ச்சியைத் தனியாக...

எங்கே கையைக் காட்டுகிறீர்கள்?

கேட்டுக்கு வெளியே. புளியமரத்தின் கீழே இல்லை, இந்தப் பக்கம், அந்தப் பச்சைப் புடவையா? பை ஒன்று தரையில் இருக்கிறது. எப்போது இறங்கினாள்? நான் பார்த்துக்கொண்டே இருந்தேனே. பஸ் மறைத்துக்கொண்டு நின்றிருக்கிறது.

சிரிக்காதீர்கள், நல்லமுத்து. பஸ் போகிற வரைக்கும் நீங்கள் பேசிக்கொண்டே இருங்கள் மாமா என்று சொல்லி அனுப்பினாளா? நீங்கள் எங்கே பேசினீர்கள், நான்தான் பேசினேன்.

வாட்ச்மேன் நாற்காலி கொண்டுவந்து போடுகிறான். உட்காரவில்லை. இடுப்பில் கையை ஊன்றி மேலே பார்க்கிறாள். இங்கே தெரியுமா அங்கிருந்து? தெரியும். எனக்குத் தெரிகிறதே. பனி இறங்க ஆரம்பித்துவிட்டது, இன்னும் கொஞ்ச நேரத்தில் கேட்டே தெரியாது. போன வாரம் யானை அந்த இடம் வரைக்கும் வந்துவிட்டுப் போனது. சால்வை இல்லை அவளிடம். இந்தக் குளிரில் வளர்ந்த பெண் சால்வை இல்லாமல் வருவாளா?

கொஞ்சம் இருங்கள், சட்டையை மாட்டிக்கொண்டு வருகிறேன். எங்கே வைத்தேன்...

வேண்டாம். இப்படியே வருகிறேன். அந்தக் கம்பளியை மட்டும் எடுங்கள், உங்களுக்குப் பின்னால் இருக்கிறது. கொடுங்கள் இப்படி. படியில் பாசி, பார்த்து வாருங்கள்.